ஜாகாவின் பதிவேடு

டாக்டர் நூர்ஹயாத்தி ஒரு தாளைத் திருப்பிப் போட்டு
வட்டம் வரைந்தார். அதுதான் பத்மலோசனி.
வட்டத்தைச் சுற்றிப் புள்ளிகள். அவை ஜாகாக்கள்.
"லூபஸ்னா, அங்கிள்,
ஜாகாவே வீட்டுக்காரரை அடிக்கிறான்."

நான் சட்டையைக் குனிந்து பார்த்தேன்.
நீலம். தோளில் கம்பெனிப் பட்டை.
பெயர்த் தகட்டைக் கழற்ற மறந்து வந்திருக்கிறேன்.

அவருக்குத் தெரியாது,
போன மழைக்காலம் தஞ்சோங் தோக்கோங் கொண்டோவில்
அட்டையில்லாமல் நனைந்து வந்த ஒருவரை
கையை முறுக்கி உட்காரவைத்தவன் நான்.
பதினாலாம் மாடி. சொந்த வீடு. பத்து வருடக் குடி.
அவர் கத்தக் கத்த
எனக்கு நிச்சயம் கூடிக்கொண்டே போனது.

அதனால் லூபஸ் எனக்குப் புரிந்தது.
அவள் கன்னத்துச் சிவப்பு,
விடிகாலையில் சீனி டப்பா மூடியிடம் தோற்கிற விரல்கள்,
சிறுநீரில் நுரை.
யாருக்கும் கெட்ட எண்ணமில்லை.
வேலை பார்த்திருக்கிறார்கள்.

"அவங்களைத் தூங்க வச்சோம்" என்றார் டாக்டர்.
முதலில் ஊசியில், பிறகு மாத்திரையில் ஸ்டீராய்டு.
முகம் உப்பியதும் கண்ணாடி பார்த்துச் சொன்னாள்:
"கல்யாணத்தன்னிக்குக்கூட இல்லாத கன்னம்."

தூங்குகிற ஜாகாவையும் எனக்குத் தெரியும்.
மூன்றே கால் மணி. ஃபேன் சத்தம்.
கண் திறந்துதான் இருக்கும்.
அப்படி ஒரு மூன்றே காலில்தான்
பம்ப் ரூமில் செம்புக் கம்பி போனது.
கேமராவில் ஓட்டிப் பார்த்தோம். வெளியாள் இல்லை.
தினமும் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுக் குப்பை அள்ளுகிறவன்.

பத்மாவின் ரத்தத்தில் குலாட்.
மலாயில் காளானுக்கும் அதுதான் சொல்.
சந்தையில் தட்டில் அடுக்கிய வெள்ளைக் குடைகள் முதலில் நினைவுக்கு வந்தன,
பிறகு, மறந்துபோன ரொட்டியில் பூத்த பச்சை.
எங்கே பிடித்தது என்று கேட்டேன்.
குளியலறைச் சுவரா, ஐப்பசியில் காயாத துணியா?
"குடல்லயே இருக்கிறது, அங்கிள். உங்களுக்கும் இருக்கு.
எனக்கும்."

வாடகையில்லாமல் வம்பில்லாமல் இத்தனை காலம் இருந்தது
கழுத்தில் நாங்களே சம்மதித்துப் போட்ட குழாயில்
போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
கையெழுத்து என்னுடையது.
அன்று மத்தியானமே குழாயை உருவினார்கள்.

மருந்து மஞ்சள் நிறம்.
வெளிச்சம் படாமல் பழுப்பு உறைக்குள் தொங்கியது.
இறங்க ஆரம்பித்து அரை மணியில் கட்டில் குலுங்கியது.
மூன்று போர்வை.
நான்காவதை நர்ஸ் சியூ லான் வேறு வார்டிலிருந்து எடுத்து வந்தாள்.
பல் கிட்டிய வாயோடு பத்மா கேட்டது:
"உங்களுக்கு ட்யூட்டி இல்லையா?"

கண்ணுக்கும் போகுமாம் அது.
பஞ்சுத் துணுக்குபோல் உள்ளே உட்காருமாம்.
கண் டாக்டர் சொட்டு விட்டு, விளக்கடித்து,
வெகு நேரம் பார்த்துவிட்டு "இதுவரை இல்லை" என்றார்.
அந்த 'இதுவரை'யை
மோட்டாரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு
கர்னி கடலோரமாக வேலைக்குப் போனேன்.

தினமும் இரண்டு பாட்டில் ரத்தம் எடுக்கிறார்கள்.
லேப்பில் ஒரு மெஷின் ராமுழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்குமாம்.
அதற்குத் தூக்கம் வராது.
நான் மணிக்கொரு தரம் எழுதுகிறேன்:
நடமாட்டம் இல்லை.
நடமாட்டம் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் டாக்டர் சொன்னார்:
"நேத்து எடுத்ததுல இன்னும் ஒண்ணும் வளரல. பொறுத்துப் பார்க்கணும்.
ஸ்டீராய்டைக் குறைப்போம், ஜாகாக்கள் கொஞ்சம் முழிக்கட்டும்.
எவ்வளவுங்கிறதுதான்..."
பேனாவால் காற்றில் எதையோ அளந்தார்.
அளவு அகப்படாமல் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார்.

இன்றிரவு தூறல்.
பதினாலாம் மாடிக்காரர் கேட்டில் நின்று
பை பையாகத் தடவுகிறார்.
முகம் எனக்குத் தெரியும்.
கேட்கவும் இல்லை, திறக்கவும் இல்லை நான்.
இருவரும் சற்று நேரம் நனைந்தோம்.
பிறகு அட்டை அகப்பட்டது.

2.10. வீட்டுக்காரர். உள்ளே.